இலவசம்தானே என்று விட்டுவிடாதீர்கள்: சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா

கேள்வி: அப்பா அம்மாவோடு நான்கு நாள் சிங்கப்பூர் வருகிறோம். கார்டன்ஸ் பை தி பே கண்டிப்பாகப் போகிறோம். தாவரவியல் பூங்கா இலவசம் என்கிறார்கள், அதற்கும் அரை நாள் ஒதுக்க வேண்டுமா? வயதானவர்களால் நடக்க முடியுமா?

பதில்:

ஒதுக்குங்கள், ஆனால் காலையில் ஒதுக்குங்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய் வேர்த்து விறுவிறுத்து, "இதுக்கு நம்ம ஊட்டியே தேவலை" என்று அப்பா சொல்ல, எல்லோரும் கடுப்போடு டாக்சி பிடித்துத் திரும்புவதற்குப் போகாமலே இருக்கலாம். பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும், நள்ளிரவு 12 வரை இருக்கும். டிக்கெட், முன்பதிவு, வரிசை எதுவும் கிடையாது, நம் தெருவுக்குள் நுழைவது மாதிரி நுழைய வேண்டியதுதான். ஏழு மணிக்கு உள்ளே இருந்தால் அருமை. நடைப்பயிற்சிக்கு வரும் உள்ளூர் ஆட்கள், தை சி செய்கிற சீனப் பாட்டிகள், நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்று சுற்றுலா வாடையே இல்லாமல் இருக்கும்.

கார்டன்ஸ் பை தி பே போவதால் இது வேண்டாமா என்றால், இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். அது 2012இல் கடலைத் தூர்த்த நிலத்தில் திறந்தது. கண்ணாடிக் கூடம், ராத்திரி விளக்கு எல்லாம் அசத்தலாக இருக்கும், போய்ப் பாருங்கள். இது 1859இல் தொடங்கிய பூங்கா, 82 ஹெக்டேர். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், சிங்கப்பூரில் அந்தப் பட்டியலில் இருப்பது இது ஒன்றுதான். அங்கே இருக்கிற மாதிரி ராட்சத இரும்பு மரம் எல்லாம் இங்கே கிடையாது. உங்கள் சட்டைப் பையில் ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள், அதில் இருக்கும் மரம் இங்கே நிஜமாகவே நிற்கிறது. தெம்பூசு மரம், 150 வயதுக்கு மேல். ஒரு பெரிய கிளை தரையோடு ஒட்டினாற்போல் படுத்து நீண்டுகொண்டு போகும். முன்பெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்து கல்யாண ஜோடிகள் படம் எடுப்பார்கள், இப்போது வேலி போட்டுவிட்டார்கள். நோட்டைக் கையில் பிடித்து மரத்தோடு சேர்த்துப் படம் எடுப்பதுதான் இப்போதைய பழக்கம்.

ஆனால் நான் யாரைக் கூட்டிப் போனாலும் வாய் ஓயாமல் பேசுவது ரப்பரைப் பற்றித்தான். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாமலே ஆர்க்கிட் முன்னால் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. பிரேசில் காட்டிலிருந்து 1876இல் கப்பலேற்றிய விதைகளை லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்தார்கள். முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. வந்தும் யாரும் சீந்தவில்லை, அப்போது எல்லோருக்கும் காபிதான் பெரிசு. 1888இல் ஹென்றி ரிட்லி என்பவர் பூங்காவின் இயக்குநராக வந்தார். மனுஷன் பார்க்கிற தோட்ட முதலாளியிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று நச்சரித்து, விதைகளை அவர்கள் பையில் திணித்து அனுப்புவாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மலாக்காவில் டான் சே யான் என்ற சீன முதலாளி 1896இல் துணிந்து நட்டார். காபி விலை விழுந்து, நோயும் வந்து, அந்தப் பக்கம் மோட்டார் கார்களுக்கு டயர் வேண்டும் என்ற நிலை வந்த பிறகு மற்றவர்களுக்கும் புத்தி வந்தது. 1912 வரை இங்கே வேலை பார்த்துவிட்டுப் போன ரிட்லி, 1956இல் சாகும்போது நூறு வயது. தன்னைப் பைத்தியம் என்றவர்களின் பேரன்கள் ரப்பரில் சம்பாதித்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நட்டது மட்டும் இல்லை, பால் எடுக்கும் முறையையும் இந்தப் பூங்காவில்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அதுவரை பிரேசிலில் மரத்தைக் கோடாலி மாதிரி கருவியால் கொத்திப் பால் எடுப்பது, மரம் காயம்பட்டுக் கெடும். ரிட்லி செய்தது, பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அடுத்த முறையும் அதே வெட்டின் விளிம்பையே இன்னொரு இழை சீவுவது. அப்படிச் செய்தால் மரமும் பிழைக்கும், பாலும் போகப் போகக் கூடும். அதன் பிறகுதான் மலாயா முழுக்கத் தோட்டம் தோட்டமாக ரப்பர், அதில் வேலைக்குத் தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப் போன ஜனம். அதற்கு முன்பே கரும்புக்கும் காபிக்கும் தமிழர்கள் போயிருந்தாலும் லட்சக்கணக்கில் போனது ரப்பருக்குத்தான். சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதையில் இந்தப் பூங்காவின் கன்றுகளுக்கு ஒரு பங்கு உண்டு.

என் மனைவியின் பெரியப்பா ஜோகூரில் ஒரு தோட்டத்தில் வருடக்கணக்காகப் பால் வெட்டியவர். அவரைக் கூட்டிப் போனபோது ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, ரிட்லி ஒரு ரப்பர் மரத்துப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பிரபலமான பழைய படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். மரம் முழுக்க மீன் முள் மாதிரி வரி வரியாக வெட்டு. அவர் ரிட்லியைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பெரிதாக்கிப் பட்டையைத்தான் பார்த்தார். "இத்தனை கோடா, ஒரே மரத்துலயா? பட்டை எத்தன வருசம் தாங்கும்?" என்றார். அவர் காலத்தில் ஒரே கோடுதான், அதுவும் அரைச் சுற்று, இடப்பக்கம் மேலே தொடங்கிச் சாய்வாக இறங்கி மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், முடியும். சீவல் காகிதக் கனம்தான் இருக்க வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வளர்ந்துவிடும், அப்புறம் அங்கே வெட்டவே முடியாது, கங்காணியிடம் வசவு தனி. இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வரிசையில் போய் நின்று, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தாக வேண்டும், ஏறிவிட்டால் பால் சொட்டுவது குறைந்துவிடும். இதையெல்லாம் விரலால் காற்றில் வெட்டிக் காட்டிக்கொண்டே சொன்னார். பக்கத்து பெஞ்சில் இருந்த ஆஸ்திரேலியத் தம்பதி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹோல்ட்டம் ஹால் என்ற பழைய பங்களாவில் பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை, ஏசியும் உண்டு, அம்மா அப்பாவுக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் உள்ளே போய்விடுங்கள்.

காசு கேட்கும் ஒரே முக்கியமான இடம் தேசிய ஆர்க்கிட் தோட்டம். வெளிநாட்டவருக்கு 15 வெள்ளி, 12 வயதுக்குக் கீழே இலவசம் (போவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், விலை மாறலாம்). தோட்டம் காலை எட்டரைக்குத்தான் திறக்கும். அம்மாவுக்குப் பூ பிடிக்கும் என்றால் யோசிக்காமல் கொடுங்கள். ஆயிரத்துக்கு மேல் இயல்பு வகை, இரண்டாயிரம் கலப்பின வகை. வருகிற பெரிய தலைவர்கள் பெயரைப் புதுக் கலப்பினங்களுக்கு வைப்பது இங்கே வழக்கம், மண்டேலா பெயரில், இளவரசி டயானா பெயரில் எல்லாம் பூ உண்டு. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சாப்பாடு எதுவும் கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சை கூட்டு சேர்ந்தால்தான் முளைக்கும். அதைக் கண்ணாடிக் குடுவையில் சத்துக்கூழ் வைத்து முளைக்கச் செய்யும் முறையை அப்போதைய இயக்குநர் ஹோல்ட்டம் 1920களின் கடைசியில் இங்கே கொண்டுவந்தார், அந்த பங்களாவுக்குப் பெயர் அவருடையதுதான். அப்பாவுக்குப் பூவில் ஆர்வம் இல்லையென்றால் அவரை வெளியே இஞ்சித் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். நம் சமையல்கட்டு இஞ்சி, மஞ்சளின் சொந்தக்காரர்கள் இத்தனை பேரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

காடு மட்டும் தவறவிடாதீர்கள். ஆர்ச்சர்ட் ரோட்டு மால்களிலிருந்து கொஞ்ச தூரத்தில், பூங்காவை விடப் பழைய மழைக்காடு ஆறு ஹெக்டேர் அப்படியே இருக்கிறது, நடுவில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கொசு மருந்து பூசிக்கொண்டு போங்கள். உடும்பு குறுக்கே போனால் பதற வேண்டாம், அது பாட்டுக்குப் போகும். காட்டுக்கோழி குஞ்சுகளோடு சுற்றும், தீனி போடாதீர்கள், அபராதம் உண்டு. கீழே கிடக்கும் பூ, காயை எடுப்பதும் கூடாது, இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், என் அம்மாவின் கை தானாகவே நீளும்.

சரி, நடை. பூங்கா நீளவாக்கில் இருக்கிறது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாராளமாக இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். நேப்பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் தாங்ளின் வாசல் பக்கம். அங்கிருந்து அன்ன ஏரி, இசைக்கூண்டு மேடு, காடு, இஞ்சித் தோட்டம், பனைப் பள்ளத்தாக்கு என்று வந்தால் இறக்கமும் ஏற்றமும் இந்தப் பாதியில்தான் அதிகம். பெஞ்சு நிறைய இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். முட்டி வலி இருக்கிறவர்கள் நேராக டாக்சியில் நாசிம் வாசலுக்கு வந்து ஆர்க்கிட், இஞ்சி, சிம்பொனி ஏரி மட்டும் பார்த்தால் போதும். குடை கட்டாயம், மழைக்கும் அதுதான் வெயிலுக்கும் அதுதான்.

தெம்பு மிச்சம் இருந்தால் சமதளமான வடக்குப் பாதியில் நடந்து புக்கித் தீமா வாசலுக்கு வந்துவிடுங்கள். அந்தப் பக்கம் இருக்கும் ஜேக்கப் பாலஸ் குழந்தைகள் தோட்டத்துக்குள், கூடக் குழந்தை இல்லாமல் பெரியவர்களை விடமாட்டார்கள், முயற்சி செய்ய வேண்டாம். பசித்தால் பூங்காவுக்குள் இருக்கும் உணவகங்களில் பர்ஸ் காலியாகும், ஆடம் ரோடு உணவு நிலையத்துக்கு நடந்து போய்ப் பரோட்டாவும் தேத்தண்ணீரும் சாப்பிடலாம். திரும்புவதற்குப் புக்கித் தீமா வாசலிலேயே பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி. டவுன்டவுன் பாதையில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, வண்டி மாற வேண்டியதில்லை.