யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை, இரண்டு சிறு பிள்ளைகளுடன்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் கோண்டாவிலில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. கணவரின் அக்கா கொழும்பில் இருப்பதால் பாடசாலை விடுமுறைகளில் எங்கள் காரிலேயே போய் வருகிறோம். மாமியும் கூட வருவா. சாவகச்சேரி தாண்டுமுன்பே மகன் "எப்ப அம்மா கொழும்பு வரும்?" என்று தொடங்கிவிடுவான். கிளிநொச்சி வருவதற்குள் இரண்டு பேருக்கும் சண்டை. கைத்தொலைபேசியைக் கொடுத்தால் அமைதியாகிவிடுகிறார்கள், ஆனால் மகள் சிறிது நேரத்தில் சத்தி எடுக்கிறாள். கணவர், "ஒரு நாள்தானே, குடுத்துவிடும்" என்கிறார். இரவில் வெளிக்கிட்டால் பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள் என்பது மாமியின் யோசனை. திரும்பி வரும் பயணம் இதைவிடக் கடினம். பிள்ளைகளை எப்படி மகிழ்ச்சியாக வைத்திருப்பது என்று நீங்கள் எழுதினால் என்னைப்போன்ற பலருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கோண்டாவில் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "எப்ப கொழும்பு வரும்?" என்று கேட்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு "இன்னும் ஏழு மணித்தியாலம் இருக்கு" என்ற விடையால் ஒரு பயனும் இல்லை; மணித்தியாலம் அவனுக்கு இன்னும் பிடிபடாத அளவு, கொழும்போ கண்ணுக்கு எட்டாத ஊர். முடிவு தெரியாத ஒன்றுக்குள் தன்னைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய முறைப்பாடு, அதில் நியாயமும் இருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையை அவன் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் இறங்கி ஓட ஓர் இடத்தையும், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அவன் செய்வதற்கு ஒரு வேலையையும் வைத்துவிட்டால், நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

விளையாட்டுகளுக்கு முன்னர் பிள்ளைகள் இருக்கும் இருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சிறு பிள்ளையைத் தாயின் மடியில், அதுவும் முன்னிருக்கையில், வைத்துக்கொண்டு போவது இன்னும் வழக்கமாக இருக்கிறது. மோதல் ஒன்று நேர்ந்தால், எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் தாயின் கைகளால் பிள்ளையைத் தடுத்து நிறுத்த முடியாது. மகளுக்கு அவளுடைய நிறைக்கேற்ற பட்டிகள் உள்ள சிறுவர் இருக்கையும், மகனுக்கு அவனை உயர்த்தி வைத்து ஆசனப்பட்டியைத் தோளுக்குச் சரியாகக் கொண்டுவரும் இருக்கையும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் "என்ன கொண்டு வர?" என்று கேட்டால், சொக்லேற்றுக்குப் பதிலாக இவற்றைச் சொல்லுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் இதை நான் வற்புறுத்தவில்லை. சாதாரண இருக்கையில் அமரும் சிறு பிள்ளையின் கண்ணுக்கு முன்னிருக்கையின் முதுகு மட்டுமே தெரியும். உயர்த்தி அமர்த்தினால் யன்னலுக்கு வெளியே முழுப் பாதையும் தெரியும். பார்க்க எதுவும் இல்லாத பிள்ளைதான் சலித்துப்போகிறது, சத்தியும் எடுக்கிறது.

மகள் சத்தி எடுப்பதற்கும் கைத்தொலைபேசிக்கும் உள்ள தொடர்பை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். வாகனம் ஓடும்போது காதின் உட்பகுதி அசைவை உணர்கிறது. திரையில் நிலைத்திருக்கும் கண் அசைவே இல்லை என்கிறது. மூளைக்குப் போகும் இந்த இரண்டு செய்திகளும் முரண்படுவதாலேயே குமட்டல் வருகிறது. இரண்டு வயதுக்குப் பின்னர் தொடங்கி ஆரம்பப் பாடசாலைக் காலத்தில் இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும். வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும். தூரத்தில் உள்ளதைப் பார்க்க வைப்பதும், யன்னலைச் சற்றுத் திறந்து காற்று வர விடுவதும் நல்ல மருந்துகள். வெளிக்கிடுமுன் வயிறு முட்டக் கொடுக்கவும் வேண்டாம், வெறும் வயிற்றோடு ஏற்றவும் வேண்டாம். இரண்டு இடியப்பமோ ஒரு துண்டுப் பாணோ போதும். மாற்றுடுப்பும் சொப்பிங் பையும் ஈரத்துணியும் டிக்கிக்குள் அல்ல, உங்கள் காலடியில் இருக்கட்டும். பிள்ளை நித்திரை கொள்ளட்டும் என்று ஒவ்வாமைக்கான பாணி மருந்தை அளவு பார்க்காமல் ஊட்டிவிடும் பழக்கத்தைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அத்தகைய மருந்துகளில் ஒன்றான புரோமெதசின் 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் மூச்சையே ஒடுக்கிவிடக்கூடியது. மருந்து தேவைதான் என்றால் பயணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியின் யோசனையை நான் மதிக்கிறேன், ஆனால் அதை ஏற்க மாட்டேன். பிள்ளைகள் இரவில் நித்திரையாகிவிடுவார்கள் என்பது உண்மை. உங்கள் கணவரின் கண்களுக்கும் அதே நித்திரை வரும். வன்னிப் பகுதியில் இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்துக் கிடக்கும், சில இடங்களில் யானையும் குறுக்கிடும். அதிகாலை ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள். இருட்டோடு ஏற்றிய பிள்ளைகள் முதல் துண்டில் அரை நித்திரையில் இருப்பார்கள். ஆனையிறவை அடையும்போது கடல்நீரேரியின் மேல் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும்.

இனிப் பாதைக்கு வருவோம். பயணத்துக்கு முதல் நாள் மாலை, கொப்பி ஒற்றைகள் சிலவற்றை நீளவாக்கில் ஒட்டி மகனிடம் கொடுத்து, அதில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டின் ஒரு முனையில் வீடு, மறுமுனையில் கொழும்பில் உங்கள் கணவரின் அக்கா வீடு. இடையில் நீங்கள் ஊர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாம். ஆனையிறவில் ஒரு யானை, முறிகண்டியில் ஒரு பிள்ளையார், அநுராதபுரத்தில் ஒரு வெள்ளைத் தாதுகோபம் என்று படமும் வரையட்டும். மறுநாள் ஒவ்வொரு தரிப்பிலும் வாகனம் நின்ற பின்னர், கடந்த துண்டுக்கு நிறம் தீட்டலாம். ஓடும்போது குனிந்து தீட்டினால் அவனுக்கும் தலை சுற்றும். "எப்ப வரும்?" என்று கேட்டால், "முறிகண்டிக்கு இன்னும் இரண்டு ஊர்" என்பதுதான் இனி விடை.

அந்தப் பாதையில் பிள்ளைகளுக்குக் காட்ட எவ்வளவோ இருக்கிறது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமானது. தூரம் கண்டியிலிருந்தே கணக்கிடப்படுவதால், தெற்கே போகும்போது வீதியோரத்துக் கட்டைகளில் உள்ள எண்கள் குறைந்துகொண்டே போகும். எண் வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டை நான் அறியேன்: அடுத்த கட்டையில் என்ன எண் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறிகண்டிக்குப் பிறகு குளங்களை எண்ணலாம். பனிக்கன்குளம், மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், தாண்டிக்குளம் என்று வவுனியா வரை பெயர்ப்பலகைகள் அவனுக்கு வேலை வைத்துக்கொண்டே இருக்கும். மாகாண எழுத்துகள் உள்ள வாகன இலக்கத்தகடுகளைப் பார்த்து, என்.பி. என்றால் எங்கள் பக்கம், என்.சி. என்றால் அநுராதபுரப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தால், மதவாச்சியை நெருங்கும்போது எந்த எழுத்து கூடுகிறது என்பதை அவனே கண்டுபிடிப்பான்.

நொடி போடுவதற்கும் இடமறிந்து போட வேண்டும். "தண்ணீரில் பிறப்பான், தண்ணீரில் இறப்பான், அவன் யார்?" என்ற பழைய நொடியை வீட்டில் கேட்டால் பிள்ளை அதை மறந்துவிடும். ஆனையிறவின் உப்பு வயல்கள் கண்ணுக்கு முன்னே விரிந்து கிடக்கும்போது கேளுங்கள். விடை யன்னலுக்கு வெளியிலேயே இருக்கிறது. அந்த ஊருக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது என்றும் அவன் கேட்பான். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை ஆழமற்ற அந்த நீரைக் கடத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி விற்றார்கள் என்று சொல்லுங்கள். அடுத்த ஊர்வரை அவன் வேறு எதையும் பேச மாட்டான்.

சில காட்சிகளுக்கு விளையாட்டு பொருந்தாது. முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அபாயத்தைச் சொல்லும் சிவப்புப் பலகைகள் இன்னும் கண்ணில் படலாம். "அது என்னப்பா?" என்று மகன் கேட்டால் பேச்சை மாற்ற வேண்டாம். யுத்த காலத்தில் மண்ணுக்குள் ஆபத்தான பொருட்களைப் புதைத்தார்கள், இப்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கவனமாக எடுக்கிறார்கள், அதனால் நாங்கள் அங்கே இறங்குவதில்லை என்ற அளவுக்கு உண்மையைச் சொன்னால் ஆறு வயதுக்குப் போதுமானது. அவசரத்துக்கு ஒதுங்குவதற்கும் பற்றை ஓரத்தில் நிறுத்தாமல், மக்கள் வழமையாக இறங்கும் இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். மூன்று வயது மகளுக்காக மலசலம் கழிப்பதற்கான சிறிய பொட்டி ஒன்றைக் காருக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.

முதல் பெரிய தரிப்பு முறிகண்டியாக இருக்கட்டும். எப்படியும் உங்கள் கணவர் அங்கே நிறுத்துவார், யாழ்ப்பாணத்து வாகனம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைக் கடப்பது அரிது. பெரியவர்கள் இறங்கி, கும்பிட்டு, ஐந்து நிமிடத்தில் ஏறிவிடுவதுதான் வழக்கம். பிள்ளைகள் காருக்குள்ளேயே விடப்படுவதும் உண்டு. இந்த முறை தேங்காயைக் கொண்டு போகும் பொறுப்பை மகனிடமும், கற்பூரப் பெட்டியை மகளிடமும் கொடுங்கள். இரண்டு கைகளாலும் தேங்காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யாரும் வாங்கிவிடக் கூடாது என்ற கவனத்தோடு நடக்கும் ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்தால், அவனுக்கு அதுவரை பயணத்தில் இல்லாமல் இருந்தது என்ன என்பது உங்களுக்கு விளங்கிவிடும். அரை மணித்தியாலமாவது அங்கே நில்லுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டி வைத்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. மகளைப் பொறுத்தவரை முறிகண்டிக்கு முன்னரே பரந்தனில் ஒரு சிறு தரிப்புக்கூடத் தேவைப்படும்.

முறிகண்டிக் கச்சானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணலில் வறுத்த அந்தக் கச்சானை ஆளுக்கொரு சரை வாங்கிக்கொண்டு ஏறுவது எங்கள் எல்லோருக்கும் இனிமையான பழக்கம். ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது, அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஓடும் காரில், நீங்கள் முன்னால் இருக்க, பின்னால் அவள் விக்கித் திணறினால் சத்தம்கூட உங்களுக்குக் கேட்காது. மகன் உங்கள் பார்வையில் இருந்து, கார் நிற்கும்போது உடைத்துச் சாப்பிடட்டும். மகளுக்கு வாழைப்பழம் கொடுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கட்டையும் இலக்கத்தகடும் விளங்காது. அவளுக்கு வேண்டியது பாட்டும், கை விரல்களில் ஆடும் "நண்டூருது நரியூருது" போன்ற விளையாட்டும், மூடியைத் திறந்து மூடக்கூடிய ஒரு சிறு பெட்டியும்தான். வீட்டிலுள்ள சிறு பொருட்கள் சிலவற்றை ஒரு பையில் போட்டு மறைத்து வைத்து, ஒரு தரிப்புக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் கொடிகாமத்திலேயே தீர்ந்துவிடும். அவள் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அமைதியாக இருக்கும் பிள்ளையை "இங்க பார், அங்க பார்" என்று குழப்புவது பெரியவர்களின் பதற்றமே தவிர வேறில்லை.

சண்டைக்கு உங்கள் மாமிதான் தீர்வு. இருவருக்கும் நடுவில் அவரை இருத்துங்கள். 2006 ஓகஸ்டில் இந்தப் பாதை மூடப்படுமுன்னர் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அப்பால் போக முடிந்தது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். ஓமந்தையைக் கடக்கும்போது அதை அவர் தம் வாயால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

கணவர் சொல்வதற்கும் ஒரு மரியாதை கொடுக்க வேண்டும். காரோட்டுபவருக்கு அமைதி தேவை. ஆகவே கைத்தொலைபேசியை முற்றாக மறைக்கச் சொல்லவில்லை, கண்ணிலிருந்து எடுத்துக் காதுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். கனடாவிலோ லண்டனிலோ உங்கள் உறவினர் யாரும் இருந்தால், பிள்ளைகளுக்காகக் கதைகளைக் குரலில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கதை தொடங்கினால் போதும், இருவரும் செவி கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டல் 2 முதல் 4 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது. உங்கள் மகளுக்கு ஓடும் காரில் அந்த ஒரு மணித்தியாலமும் வேண்டாம். அநுராதபுரத்துக்குப் பின்னர் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று பாதை நீண்டு, நெரிசலும் வெயிலும் கூடி எல்லோரும் களைத்துப்போகும் பகுதிக்காக இந்தக் கதைகளை மிச்சம் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் நித்திரையாகிவிட்டால் இன்னும் நல்லது. இடையில் எங்கே நிறுத்தினாலும், நித்திரை கொள்கிறார்கள்தானே என்று அவர்களைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு இறங்க வேண்டாம். எங்கள் வெயிலில் சில நிமிடங்களிலேயே உள்ளே வெப்பம் ஏறிவிடும்.

திரும்பி வரும் பயணம் கடினமாக இருப்பதற்குக் காரணம், விடுமுறை முடிந்த களைப்பும் மறுநாள் பாடசாலை என்ற அவசரமும்தான். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு, அநுராதபுரத்தில் இரவு தங்கி வாருங்கள். முடியாவிட்டால், வந்த நாளுக்கும் பாடசாலை நாளுக்கும் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். மகன் வரைந்த ஒற்றையைக் கொழும்பில் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், அதன் மறுபக்கத்தில் அவனே வீடு வரை கோடு போடுவான். ஏ-9 வீதியில் மீண்டும் ஏறியதும், கட்டைகளில் எண்கள் இந்த முறை ஏன் கூடுகின்றன என்ற கேள்வியை அவனிடம் கேளுங்கள்.

அன்புடன்.