வீட்டை அடமானம் வைத்து இடைக்கால வரலாறு படிக்க அனுப்பலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 56, ஓய்வுபெற இன்னும் 4 வருடம். கையில் வரும் சம்பளம் 68,000 ரூபாய். மாதம் 25,000 மிச்சம் பிடிக்க முடியும். எஃப்.டி.யில் 9 லட்சம் இருக்கிறது, சொந்த வீடு உண்டு. பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கும் மகள், ஐரோப்பிய இடைக்கால வரலாற்றில் எம்.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்புக்கு எல்லாம் சேர்த்து 38 லட்சம் ஆகும் என்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்தால் 30 லட்சம் தர வங்கி தயார். தத்துவமோ சட்டமோ படிக்கச் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டுப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். 30 லட்சத்துக்கு 10% வட்டி என்று வைத்துக்கொண்டால், படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருட அவகாசமும் முடியும்போது கடன் 36 லட்சமாகியிருக்கும். 10 வருடத் தவணையில் மாதம் சுமார் 47,600 ரூபாய். உங்கள் சர்வீஸ் இன்னும் இரண்டே வருடம் இருக்கும்போது தவணை ஆரம்பிக்கும். ஓய்வுக்குப் பிறகும் 8 வருடம் ஓடும். மீதி 8 லட்சத்துக்கு எஃப்.டி.யும் கரைந்துவிடும்.

ஆனால், உங்கள் மகள் விரும்பும் படிப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். கடனின் அளவை வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. அவர் ஊர் திரும்பி ஒரு சாதாரண வேலையில் சேர்ந்தாலும், முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இ.எம்.ஐ. அடங்க வேண்டும். வரலாறு, தத்துவம் போன்ற படிப்புகளுக்கு இதுதான் பாதுகாப்பான வரம்பு.

அந்த வரம்புக்குள் வரக்கூடியது ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும். இடைக்காலவியலுக்கென்றே முதுகலை நடத்தும் பாம்பெர்க் போன்ற இடங்களைப் பாருங்கள். ஃப்ரைபுர்க்கும் இந்தத் துறைக்கு நல்ல இடம்தான். ஆனால் அது இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற நாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். நான்கு செமஸ்டருக்கு 6 லட்சம் கூடுதல்.

விசாவுக்கு ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 11.9 லட்சம். இதைக் கட்டணம் என்று நினைத்துப் பலரும் மிரண்டுபோகிறார்கள். அது உங்கள் மகளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அவர் கைக்கே வரும். மியூனிக் போன்ற நகரத்தில் வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும், சிறிய ஊரில் சமாளிக்கலாம்.

முதல் வருடத்துக்கு இந்த 11.9 லட்சத்தோடு விமானம், விசா, இங்கே படித்த படிப்பின் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் (கட்டணம் 18,000 ரூபாய்) எல்லாம் சேர்த்து 13.5 லட்சம் வையுங்கள். எஃப்.டி.யிலிருந்து 6 லட்சம் எடுங்கள். 3 லட்சத்தை அவசரத்துக்கு விட்டுவிடுங்கள். மீதி 7.5 லட்சம் கல்விக் கடன். பொதுத்துறை வங்கிகளில் இந்த அளவுவரை மத்திய அரசின் உத்தரவாத ஏற்பாட்டில் சொத்து அடமானம் இல்லாமல் வாங்க வழியிருக்கிறது. கல்விக் கட்டணமே இல்லாத படிப்பு என்பதால் கிளையில் குழம்புவார்கள். ஆகவே, பிளாக்டு அக்கவுண்ட் தொகையைக் கல்விச் செலவாக ஏற்பீர்களா என்பதை முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே 10% வட்டியில், இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருட அவகாசமும் முடியும்போது 7.5 லட்சம் 9.75 லட்சமாகும், தவணை சுமார் 12,900. படிக்கும் காலத்திலேயே மாத வட்டியைக் கட்டிவந்தால் 9,900 போதும். வட்டிக்கு 8 வருடம் வருமான வரிச்சலுகை உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும்.

கணக்கு உதைப்பது இரண்டாம் வருடத்தில்தான். குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கும் பணம் காட்டச் சொல்வார்கள். இன்றிலிருந்து மாதம் 25,000 சேர்த்தால் 24 மாதத்தில் 6 லட்சம். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி இருக்கிறது. மாதம் 400 யூரோ சம்பாதித்தால் கிட்டத்தட்ட 5 லட்சம். நாட்டவர் பேதமில்லாமல் மாதம் 300 யூரோ தரும் ‘டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம்’ உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் லாபம், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: மொழி. இந்தப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மனில்தான். சி1 நிலை (மொழித் தேர்ச்சியின் ஆறு படிகளில் ஐந்தாவது) கேட்பார்கள். லத்தீனும் வேண்டும், ஏனென்றால் மடாலயப் பதிவேடு, நிலப் பத்திரம், நீதிமன்ற ஏடு எல்லாமே லத்தீனில் இருக்கின்றன. அங்கே போய்க் கற்கலாம் என்று கிளம்பினால் இரண்டு செமஸ்டர் கூடிவிடும். அதாவது மேலும் 12 லட்சம். அதனால் பி.ஏ. முடிந்ததும் ஒரு வருடம் ஊரிலேயே இருந்து ஜெர்மனையும் லத்தீன் அடிப்படையையும் படிக்கட்டும். மேலே சொன்ன 24 மாதச் சேமிப்புக் கணக்கும் இந்த ஒரு வருடத்தைச் சேர்த்துத்தான்.

சட்டம் இப்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயமல்ல. மூன்று வருட எல்.எல்.பி.யை எந்தப் பட்டத்துக்குப் பிறகும் திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணமும் 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தத்துவமோ இந்திய இடைக்கால வரலாறோ போதும் என்று மகளே சொன்னால் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்துவிட்டு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குத் தயாராகச் சொல்லுங்கள். அதன் வழியே ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் அவர் கணக்குக்கு வரும், கடனே தேவைப்படாது.

இந்த மாதமே 25,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். ஜெர்மன் வகுப்பில் பி1 நிலையை (மூன்றாவது படி) மகள் எட்டிய பிறகு கடன் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால் போதும்.