பூஜை அறைச் சுவரைக் காலி செய்தாயிற்று. பழைய சாமி படங்களையும் குடும்பப் போட்டோக்களையும் என்ன செய்வது?

கேள்வி: குடியாத்தத்தில் அம்மா வீடு. வைகாசி சிரசுத் திருவிழாவுக்கு முன்பு வெள்ளையடிக்க வேண்டும் என்று பூஜை அறைச் சுவரைக் காலி செய்தோம். சாமி படங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பாதி மங்கிவிட்டன, சிலவற்றைக் கரையான் அரித்திருக்கிறது. கூடவே தாத்தா பாட்டி படம், அம்மா அப்பா கல்யாணப் போட்டோ. கல்யாணப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் தம்பியும் தங்கையும் "எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பு" என்கிறார்கள். அம்மாவோ ஒரு படத்தைக்கூட வெளியே போடக்கூடாது என்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: கல்யாணப் போட்டோவில் தொடங்குங்கள். சாமி படங்கள் இன்னும் ஒரு மாதம் கட்டிலடியில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒட்டிக்கொண்ட போட்டோவை யாராவது "மெதுவா உரிச்சா வந்துடும்" என்று இழுத்துவிட்டால், முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

காரணம் இதுதான். பழைய போட்டோக்களில் பிம்பம் தாளின்மேல் இருக்கும் ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. ஜெலட்டின் ஈரத்தை இழுத்தால் இளகும், காய்ந்தால் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறி, சட்டத்தின் பின்னட்டை ஈரமாகி, படலம் கண்ணாடியைத் தொட்ட இடத்தில் பசையாகிறது. அடுத்த கோடை வெயிலில் அந்தப் பசை அப்படியே இறுகிவிடுகிறது. படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒட்டிய இடம் நனைந்த மாதிரி கறுத்து, பளிச்சென்று தெரியும். ஒட்டாத இடம் சற்று வெளிறி இருக்கும். அந்தக் கறுத்த திட்டு முகங்களின்மேல் இருந்தால் பிரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போகும். கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் வண்ணமும் போய்விடும். ஐம்பது வருடம் சுவரில் இருந்த படத்தில் பூஞ்சை இல்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கண்ணாடியோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள், கண்ணாடி வழியாகவே படம் எடுங்கள்.

முதலில் சட்டத்தைக் கழற்ற வேண்டும். மடித்த போர்வையின்மேல் முகம் கீழாக வையுங்கள். பின்னால் இருக்கும் சின்ன ஆணிகளைக் கூர்மூக்குப் பிளையரால் பிடித்து, அடித்த கோட்டிலேயே நேராக வெளியே இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விசை நேராகக் கண்ணாடியில் போய் இறங்கும். ஏற்கெனவே விரிசல் இருந்தால், திருப்புவதற்கு முன் கண்ணாடியின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். பின்னட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் இரு பக்கமும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரை நேரே தெளிக்கக் கூடாது. விளக்குப் புகையும் எண்ணெயும் சேர்ந்த பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டு, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். கீழ் விளிம்பில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வருடக்கணக்காக வைத்த சந்தனமும் குங்குமமும் வழிந்து இறங்கிச் சேர்ந்திருப்பது அங்கேதான். பல படங்கள் அடியிலிருந்து அழுகத் தொடங்குவதற்கும் அது ஒரு காரணம்.

இனி படம் எடுப்பது. ஒட்டாமல் தனியாக வரும் போட்டோக்களுக்கு ஸ்கேனர் நல்லது. 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். 2400×3600 பிக்சல் கிடைக்கும், அதே படத்தை இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் உடையாது. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வையுங்கள். கண்ணாடியோடு இருப்பதை மட்டும் வீட்டுப் பிரிண்டர் ஸ்கேனரில் வைக்காதீர்கள். அந்த வகை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை தன் பலகையைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே கூர்மையாகப் படிக்கும். இடையில் கண்ணாடித் தடிமன் வந்தாலே மங்கல்தான்.

அதற்கு போனே மேல். நேர் வெயில் விழாத திண்ணை அல்லது ஜன்னலோரம், காலை வேளை. படத்தைத் தரையில் வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் சமமாகும். பிளாஷ் வேண்டாம், மின்விசிறி விளக்கு எல்லாம் அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவமே விழும் என்பதால் ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, போனுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். போனைப் படத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் ஓரங்கள் வளையும். இரண்டடி தள்ளி, போனில் தனியாக 2x லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டு, படத்தின் நான்கு விளிம்பும் அவற்றுக்கு இணையாக வருகிறதா என்று பாருங்கள். ப்யூட்டி மோடை மறக்காமல் நிறுத்துங்கள்.

பழைய முகங்களைத் தெளிவாக்கித் தரும் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை மங்கிய கண்ணையும் மூக்கையும் தோண்டி எடுப்பதில்லை, பொருத்தமான கண்ணையும் மூக்கையும் தாமே போடுகின்றன. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் பாட்டியின் முகம் இல்லை. நிறமேற்றிப் பார்க்க ஆசை இருந்தால் செய்யுங்கள். அதைத் தனிக் கோப்பாக, பெயரிலேயே "நிறம் ஏற்றியது" என்று எழுதி வையுங்கள். மூலத்தின்மேல் சேமிக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கையில் எது மிஞ்சும் என்று இப்போதே சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். தம்பி அதை ஃப்ரேம் போட அச்சிடும்போதுதான் குறை தெரியும். "டாக்குமென்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், கோப்பு முழுதாகப் போய்ச் சேரும். அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் கோப்போடு போகலாம் என்பதால், கேமராவில் லொகேஷனை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் குரூப்பில் கொட்டவும் வேண்டாம். நாற்பது படம் வந்தால் ஒரு கும்பிடு ஸ்மைலியோடு கதை முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு படம், அதோடு ஒரு கேள்வி: "இடது ஓரத்தில் குழந்தையை வைத்திருப்பது யார்?" பெரியம்மா ஒன்று சொல்வார், சித்தப்பா இல்லை என்பார், அந்தப் பேச்சில்தான் பெயர்களும் ஊர்களும் வெளியே வரும். வந்தவற்றை அன்றே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் ஒவ்வொரு படத்தையும் காட்டி ஒரு நிமிடக் குரல் பதிவு எடுத்து, படத்துக்கும் ஒலிக்கும் ஒரே கோப்புப் பெயர் கொடுங்கள். இதற்குப் பிறகு பன்னிரண்டு நல்ல படங்களைத் தேர்ந்து, அம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே கீழே போட்டு, ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலையில் கற்பனைக்கு இடம் இருப்பது இங்கேதான்.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே அதை மட்டும் நம்பாமல் ஒரு ஹார்ட் டிஸ்கிலும், ஊர் மாறி இருக்கும் தங்கையிடம் ஒன்றிலுமாக நகல் இருக்கட்டும்.

இனி சாமி படங்கள். அம்மாவிடம் "எதைப் போடலாம்" என்று கேட்டால் எதையும் போடக்கூடாது என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. "எந்தப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். குலதெய்வம், இஷ்டதெய்வம், மாமியார் கொடுத்தது என்று ஐந்தாறு படங்களை அவரே எடுத்துத் தனியே வைப்பார். மற்றவை எப்படிச் சேர்ந்தன என்று நமக்கே தெரியும். பழைய வட ஆற்காட்டு வீடுகளில் திருப்பதி போய்வந்த ஒவ்வொரு முறையும் ஒரு பெருமாள் படம் வந்திருக்கும். கல்யாணத்துக்கு வந்தது, கடைக்காரர் கொடுத்த காலண்டர், எல்லாம் மேலே ஏறியிருக்கும். பக்தி ஒன்று, நினைவு ஒன்று, அட்டையும் கண்ணாடியும் ஒன்று. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் கையில் எடுத்ததை எல்லாம் திரும்ப வைக்கிறோம்.

எடுத்துவைப்பது அவமரியாதை என்ற பயம் இருந்தால், கோயிலையே பார்க்கச் சொல்லுங்கள். திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, மூலவரின் சாந்நித்தியத்தை, அதாவது தெய்வ சக்தியை, வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலை தொடங்குகிறார்கள். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-ல்தான் அங்கே திரும்பி வந்து பிரதிஷ்டையானது. வீட்டிலும் அதே ஒழுங்குதான். வைத்துக்கொள்ளும் படங்களை நல்ல நாளில் ஒரு மனைப்பலகையில் வைத்து விளக்கேற்றுங்கள். விடைகொடுக்கும் படங்களுக்கும் ஒரு பூவும் தீபமும் காட்டி, "இதுவரை காத்ததற்கு நன்றி, இந்தப் படத்தில் இனி இருக்க வேண்டும்" என்று வைத்திருக்கும் படத்தைக் காட்டிக் கும்பிடச் சொல்லுங்கள். அம்மாவே செய்யட்டும். அவர் கையால் நடந்தால் மனம் ஆறும்.

விடைகொடுப்பதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு படத்தையும் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காக வட்டம் வட்டமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, பிற்காலத்துக் காலண்டர் படம். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், நிறத்தின்மேல் நிறமாகத் தடித்துத் தெரிந்தால் அது கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சாக (லித்தோகிராஃப்) இருக்கலாம். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் அந்த வகை. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த காலண்டர் படங்களின் ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றையும், பொன் தகடு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்தையும், கண்ணாடியின் பின்பக்கம் தீட்டிய படத்தையும் விடைகொடுக்கும் அடுக்கில் சேர்க்காதீர்கள். இவற்றில் ஈரத்துணியும் படக் கூடாது. தஞ்சாவூர் ஓவியத்தின் மேடுகள் பசை கலந்த சுண்ணப்பொடி மக்கால் ஆனவை, தண்ணீர் பட்டால் கரையும்.

மிச்சம் உள்ளவற்றைச் சட்டத்தோடு அரசமரத்தடியிலோ பாலாற்று மணலிலோ வைத்துவிட்டு வராதீர்கள். இது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. ஒரு மழைக்குள் சட்டம் உளுத்து, கண்ணாடி உடைந்து, சாமி முகம் சேற்றில் கிடக்கும். அதை வெறுங்கையால் அள்ளுபவர் ஒரு தூய்மைப் பணியாளர். சட்டம், கண்ணாடி, தாள் மூன்றையும் வீட்டிலேயே பிரியுங்கள். தேக்குச் சட்டமும் முழுக் கண்ணாடியும் ஃப்ரேம் கடையில் மறுபடி உதவும். தாளின் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய தோல் போல ஒன்று இழுபட்டால் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பூச்சு இல்லாத தாளை ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கையாலேயே கூழாகும், சாமி முகத்தைக் கிழிக்க வேண்டிய சங்கடம் இல்லை. கால் படாத செடியடியில் ஓரடி ஆழக் குழியில் புதைத்துவிடலாம். பூச்சுள்ள படத்தையும் ஊறவைத்தால் பெரும்பாலும் தாள் தனியே கழன்று வரும். பிளாஸ்டிக்கையும் பொன்னிறத் தகட்டையும் பிரித்து உலர் குப்பையில் போடுங்கள். எரித்தால் நச்சுப் புகைதான் வரும். உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.

காலியான சுவரில் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டியதில்லை. நடுவில் குலதெய்வம் நிலையாக இருக்க, பக்கத்தில் ஒரு ஆணியை மட்டும் மாறும் இடமாக வையுங்கள். ஆடியில் அம்மன், புரட்டாசியில் பெருமாள், கார்த்திகையில் முருகன். மற்றவை துணி சுற்றி அலமாரியில் இருக்கட்டும். பரணில் வேண்டாம். மேல்தளத்துச் சூடு நம் ஊர் மே மாதத்தில் தாளை மொறுமொறுப்பாக்கிவிடும்.

புதிதாக வெள்ளையடித்த சுவர் நன்றாகக் காய இரண்டு வாரமாவது விட்டு மாட்டுங்கள். ஃப்ரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போகும். விளக்குக்கு நேர் மேலே எந்தப் படமும் வேண்டாம். குங்குமத்தைக் கண்ணாடியில் குழைத்து வைக்காமல், படத்தின் அடியில் சிறு தட்டில் வையுங்கள். அம்மாவுக்குப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால், உலர்ந்த ஸ்டிக்கர் பொட்டு போதும்.