சத்தம் வரும் திசையைப் பார்க்காதீர்கள்: வான் சாகசம் பற்றிய கேள்வி பதில்

விமானக் கண்காட்சிகளையும் அங்கே பறக்கும் சாகச அணிகளையும் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று திருகோணமலை நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி (உவர்மலை, உயர்தர மாணவி): இந்தியாவின் சூர்யகிரண் அணி கொழும்பில் பறந்ததைக் காணொளியில் பார்த்தேன். ஒன்றோடொன்று உரசுவது போல அவ்வளவு நெருக்கமாக எப்படிப் பறக்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. நீங்கள் பார்த்தது 2021 மார்ச் மாதம் காலிமுகத்திடலில், இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டு நிறைவுக்கு நடந்த காட்சி. அதே அணி 2001இல் 50ஆவது ஆண்டுக்கும் வந்தது. அப்போது கிரண் விமானங்கள், பின்னர் ஹாக் எம்கே 132.

அணியில் தலைவர் ஒருவர்தான் தரையையும் வானையும் பார்த்துப் பறக்கிறார். மற்றவர்களின் கண் தலைவரின் விமானத்தை விட்டு, அல்லது தமக்கு முன்னால் இருக்கும் விமானத்தை விட்டு விலகுவதே இல்லை. அந்த விமானத்தில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொள்வார்கள். இறக்கை நுனி விளக்கு ஒன்று, உடற்பகுதியில் ஒரு புள்ளி இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் தன் இடம் சரி. கோடு பிசகினால் கைப்பிடியை இம்மியளவு அசைத்துத் திருத்துவார்கள். திரும்புவதற்கு முன்னரே தலைவர் வானொலியில் சொல்லிவிடுவார். வெளிவளைவில் இருப்பவர் அதிக தூரம் ஓடவேண்டும் என்பதால், தலைவர் தன் இயந்திரத்தின் முழு வலுவையும் பயன்படுத்தமாட்டார். மற்றவர்கள் எட்டிப்பிடிக்கக் கொஞ்சம் மிச்சம் வைப்பார்.

இந்த நம்பிக்கைக்கு விலையும் உண்டு. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் தண்டர்பேர்ட்ஸ் அணி நெவாடா பாலைவனத்தில் ஒத்திகை பார்த்தபோது, வட்டமடித்துக் கீழிறங்கிய தலைவரின் விமானம் நிமிரவில்லை. பக்கத்தில் வரிசையாக வந்த மூன்றும் அதே அமைப்புக் குலையாமல் தரையில் மோதின. நான்கு விமானிகளும் இறந்தார்கள். தலைவரின் விமானத்தில் கட்டுப்பாட்டுக் கருவி இறுகிப்போனதே காரணம் என்றது விசாரணை.

கேள்வி (பாலையூற்று): நான் படம் எடுக்கும்போதெல்லாம் விமானம் போய்விடுகிறது. வெறும் வானம்தான் பதிகிறது.

பதில்: சத்தம் வரும் திசையைப் பார்க்கிறீர்கள், அதுதான் பிழை. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். விமானம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதன் இரைச்சல் உங்கள் காதுக்கு வர ஆறு விநாடி ஆகும். மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். இரைச்சலுக்கு முன்னால், அது போகும் பக்கமாகத் தேடுங்கள். சாப்பாட்டுப் பொதியை மணலில் வீசிவிட்டுக் கமராவைத் தூக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி (உப்புவெளி): ட்ரோன் விட்டுப் படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது. சாதாரண நாளிலேயே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

கேள்வி (மூதூர், ஒரு தாய்): கிபிர் இரைச்சல் என்றால் இன்றும் என் கை நடுங்குகிறது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டு போட்டபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவள் நான். இதைப் போய்க் கைதட்டிப் பார்க்கச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை, அக்கா. ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உங்கள் காதில் பதிந்த இரைச்சல் என்னவென்று மட்டும் சொல்கிறேன். கிபிர் இஸ்ரேலில் செய்த ஜெட் போர் விமானம். இலங்கைக்கு 1996இல் வந்தது. அதன் ஜே79 இயந்திரத்தில், வெளியேறும் சூடான காற்றுக்குள் மறுபடி எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கும் அமைப்பு உண்டு. நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அந்த முழக்கம் அதிலிருந்து வருவது. சூர்யகிரணின் ஹாக் விமானத்தில் அந்த அமைப்பு இல்லை. இந்தியாவின் இன்னொரு சாகச அணியான சாரங் பறப்பது ஹெலிகொப்டர்களில். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் தலைக்கு மேல் ஜெட் ஒன்று தாழப் பறந்தால், இயந்திர வகையை யார் யோசிக்கப் போகிறார்கள்? கண்காட்சிக்கு முன் நடக்கும் ஒத்திகைகளின் நாளையும் நேரத்தையும் கிராமம் கிராமமாகத் தமிழில் அறிவிக்கவேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை எல்லா இடத்திலும் சொல்லவேண்டும். ஏற்பாட்டாளர்களின் முதல் கடமை இது. மேடையும் கொடியும் அதற்குப் பிறகு.

கேள்வி (திருகோணமலை நகர், இளைஞர்): போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது. பழையதைக் கிளறாமல் விமானத்தைப் பற்றி மட்டும் பேசுங்களேன்.

பதில்: விமானத்தைப் பற்றித்தான் பேசுகிறேன், தம்பி. கிபிர் குண்டு போடுவதற்காக வாங்கிய விமானம். அதன் முக்கோண இறக்கையின் அழகை மட்டும் பேசி, கீழே இருந்தவர்களை விட்டுவிட்டால் அது பாதி அறிவு. எனக்கு விமானங்கள் மீது உயிர். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி (கிண்ணியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்): 1942இல் ஜப்பான்காரன் போட்ட குண்டுக்கு எங்கள் பெரியவர்கள் ஊரை விட்டே ஓடினார்கள். இன்று சீனன்குடாவில் சிதைந்த எண்ணெய்த் தாங்கியை எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். காலம் போனால் இதுவும் அப்படித்தான்.

பதில்: ஐயா, அந்த நாள் ஏப்ரல் 9. சீனன்குடாவிலிருந்து ஹரிகேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் உங்கள் ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. 1942ஐக் கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். அதனால் அது நமக்குச் சரித்திரம். மூதூர் அக்கா இன்று நம்மோடு இருக்கிறார். அவருடைய காலம் போகட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது.

கேள்வி (அதே மூதூர்த் தாய்): என் மகனுக்கு விமானம் என்றால் பைத்தியம். போகட்டுமா?

பதில்: போகட்டும், அக்கா. அவனை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொடுங்கள். 2024 அக்டோபர் 6ஆம் திகதி சென்னை மெரினாவில் நடந்த விமானக் கண்காட்சியில் விமானம் எதுவும் விழவில்லை. ஆனால் வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள். நீங்கள் கூடப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேள்வி (தம்பலகாமம்): ட்ரோன் சின்னதுதான், 250 கிராம்கூட இல்லை. விடலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கூடாது. பட்டமும் கூடாது.

கேள்வி (ஆறாம் கட்டை): சாப்பாட்டுக் கழிவுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கழிவு இருக்கும் இடத்தில் காகமும் பருந்தும் கூடும். தாழப் பறக்கும் ஜெட் இயந்திரத்துக்குள் ஒரு பருந்து போனால் இயந்திரமே நின்றுவிடலாம். விமானிக்குத் தப்பிக்கக் கிடைப்பது சில விநாடிகள். பெங்களூரில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும் நாட்களில் யெலகங்கா விமானப்படைத் தளத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு இறைச்சி விற்பனையையே தடை செய்கிறார்கள். மீன் காயவைக்கும் கரைகள் உள்ள நம் ஊரில் இன்னும் கவனம் வேண்டும். மீன் தலையோ சோற்றுப் பொதியோ, கட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (பெயர் இல்லை): அந்தப் புகை நஞ்சா?

பதில்: இயந்திரத்தின் சூடான வெளியேற்றத்தில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகி, வெளிக்காற்றில் குளிர்ந்து வெண்புகையாகத் தெரிகிறது. நிறம் வேண்டுமென்றால் சாயம் சேர்ப்பார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் நம் கரையில் அது கடலுக்குப் போய்விடும். வாடைக்காற்று வீசினால் உங்கள் மேல்தான் வரும். இளைப்பு உள்ளவர்கள் தள்ளி நிற்கவேண்டும்.

கேள்வி (சீனன்குடா): எங்கள் வீட்டுக்கு மேல் தினமும் சுற்றுபவை எவை?

பதில்: உந்துதண்டு இயந்திரச் சத்தத்தோடு மெதுவாகச் சுற்றினால் சீனத் தயாரிப்பான பிடி-6. பயிற்சி விமானிகள் பறக்கக் கற்கும் விமானம் அது. ஒரே இரைச்சலாகச் சீறினால் கே-8 ஜெட்.

கேள்வி (நகர்): நம் ஊரில் கண்காட்சி வைத்தால் டச்சுக் குடாக் கடற்கரையில் காலையில் நிற்பதா, மாலையிலா?

பதில்: மாலையில். அந்தக் கரை கிழக்குப் பார்த்தது. காலைச் சூரியன் கண்ணில் அடிக்கும், விமானங்கள் வெறும் கறுப்பாகத் தெரியும். மூன்று மணிக்குப் பிறகு வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் வரும். இறக்கையின் நிறமும் எண்ணும்கூடப் படத்தில் விழும். ட்ரோன் பற்றி இன்னும் நான்கு கேள்விகள் வந்திருக்கின்றன. நான்குக்கும் கூடாது என்பதே பதில்.