மைத்துனர் சொன்ன பாதிக் கதை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. நகைக்கடை விளம்பரம் ஒன்றில் நடித்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு படத்துக்குக் கேட்கிறார்கள். ஏழெட்டு மாத வேலையாம். பள்ளிக்கூடத்தை ஓராண்டு நிறுத்தினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்கிறார் என் மைத்துனர். ஜப்பானில் ஹிடெகோ தகாமினே என்ற நடிகை ஐந்து வயதில் தொடங்கி ஐம்பது ஆண்டு நடித்ததை உதாரணம் காட்டுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்தால் பிள்ளையின் அதிர்ஷ்டத்தைக் கெடுத்தவன் ஆவேனோ?
- ஒரு தகப்பன்

பதில்: உங்கள் மைத்துனர் நல்ல சினிமா பார்க்கிறவர் போலிருக்கிறது. ஐம்பது ஆண்டுக் கணக்கும் சரிதான்: 1929-இல் முதல் படம், 1979-இல் கடைசிப் படம். ஆனால் மீதிக் கதையை அவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஹக்கோடாட்டேயில் பிறந்த ஹிடெகோ, நான்கு வயதில் தாயை இழந்து அத்தை வீட்டுக்கு வளர்ப்பு மகளாகப் போனார். டோக்கியோவின் கமதா ஸ்டூடியோவில் குழந்தைகளைத் தேர்வு செய்த நாளில், வளர்ப்புத் தந்தை அவரையும் வரிசையில் நிறுத்தினார். அன்று தொடங்கியது வேலை. முடியைக் கத்தரித்துவிட்டு ஆண் பிள்ளை வேடத்திலும் நிறுத்தினார்கள். சம்பளம் வளர்ப்புத் தாயின் கைக்குப் போயிற்று. உறவுக் கூட்டமும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டது. வீட்டிலேயே சம்பாதிக்கிற ஆள் ஒரு சிறுமி என்றால், 'போதும்' என்று சொல்ல அங்கே யாருக்கு மனம் வரும்?

பள்ளிக்கூடம் பெயருக்குத்தான். வெளியூர்ப் படப்பிடிப்புக்கு ரயில் ஏறும்போதெல்லாம் வகுப்பாசிரியர் நிலையத்துக்கு வந்து, ஜன்னல் வழியாகக் குழந்தைகள் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போவாராம். அவற்றை வைத்துத்தான் ஹிடெகோ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். அந்த ஆசிரியர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பதின்வயதில் தோஹோ என்ற படநிறுவனத்துக்கு மாறியபின் ஒரு பள்ளியில் சேர்ந்தார். படப்பிடிப்பு விடவில்லை, நின்றுவிட்டார்.

பிறகு வந்த புகழை நான் மறுக்கவில்லை. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணப்படத்தில், 1951-இல், அவர்தான் கதாநாயகி. இயக்குநர் நருசேயின் படங்களில் வாழ்க்கையோடு மல்லுக்கட்டும் பெண்ணாக அவர் வருவதைப் பார்த்தால், இது ஐந்து வயதிலிருந்து உழைத்த முகம் என்று தோன்றும். ஆனால் அவரே 1976-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் தன் குழந்தைப் பருவத்தைக் கசப்போடுதான் எழுதினார். அந்த நூலுக்கு விருதும் கிடைத்தது. அவரோடு நடிக்க வந்து காணாமல் போன பிள்ளைகளுக்கு நூலும் இல்லை, விருதும் இல்லை. உங்கள் மைத்துனருக்கு அவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா, கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளியை நிறுத்தாதீர்கள். இந்தியாவில் 2017-இல் வந்த விதிகளும் குழந்தை நடிகரின் படிப்பு அறுபடக் கூடாது என்றுதான் சொல்கின்றன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடையில் ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மீதி எண்பதையும் அங்கேயே போடுங்கள். இதையெல்லாம் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். விடுமுறைக்குள் அடங்கும் சிறு வேடம் என்றால், மகளுக்கும் ஆசை இருந்தால், சம்மதியுங்கள். தயாரிப்பாளர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதிர்ஷ்டத்தைக் கெடுத்த பாவம் உங்களைச் சேராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனரை வீட்டுக்கு அழையுங்கள். 1954-இல் வந்த 'இருபத்து நான்கு கண்கள்' படத்தைச் சேர்ந்து பாருங்கள். பள்ளிக்கூடம் வாய்க்காத தகாமினே அதில் தீவுப் பள்ளி ஆசிரியை. முதல் நாள் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, அந்தச் செல்லப் பெயரையும் குறித்துக்கொள்வார். அந்தக் காட்சி வரும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.