வாசகர் கேள்வி – பதில்: கப்பல் பட்டியலில் பல முல்லர்கள்

கேள்வி: என் மகளின் புகுந்த வீடு பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் இருக்கிறது. குடும்பப் பெயர் மில்லர். தங்கள் மூதாதை ஜான் மில்லர் 1750ஐ ஒட்டி ஜெர்மனியிலிருந்து பிலடெல்பியாவில் வந்திறங்கியவர் என்று சம்பந்தியம்மாள் சொல்கிறார். எண்பது வயதைக் கடந்த அவருக்கு, முன்னோர் எந்த ஊர்க்காரர் என்று அறிந்துகொள்ள மிகுந்த ஆசை. நானும் மருமகனும் தேடினோம். அக்காலக் கப்பல் பட்டியல்களில் அப்பெயரின் ஜெர்மன் வடிவமான யோஹானஸ் முல்லர் பல இடங்களில் வருகிறது. இவர்களில் எவரை எங்கள் முன்னோராகக் கொள்வது?
— வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு எவரையும் கொள்ள வேண்டாம். முல்லர் என்றால் மாவரைப்பவர். ஊருக்கு ஓர் ஆலை இருந்த நாட்டில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. பெயர் பொருந்துவதை மட்டும் நம்பி ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் அது வேறொரு குடும்பத்தின் வரலாறாகவே முடியக்கூடும்.

அந்தப் பட்டியல்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஜெர்மானியர் திரள் திரளாக வந்து இறங்குவதைக் கண்டு கவலையுற்ற பென்சில்வேனியா அரசு, 1727 முதல், பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று விதித்தது. அதனால் பல கப்பல்களுக்கு, கப்பல் தலைவர் தந்த பட்டியலையும் பிரமாணங்களில் கையெழுத்திட்டோர் பட்டியல்களையும் சேர்த்து, மூன்று பட்டியல்கள் வரை உள்ளன. பெண்களும் சிறுவர்களும் பெரும்பாலும் அவற்றில் இல்லை. வந்தவரின் சொந்த ஊரும் பொதுவாக இல்லை. ஜெர்மனியில் எங்கிருந்து வந்தவரானாலும் ‘பாலட்டைன்’, அதாவது பாலட்டினேட் பகுதிக்காரர், என்றே ஆங்கிலேயர் எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. ஆனால் 1934இல் ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் இப்பட்டியல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது, இரண்டாம் தொகுதி முழுவதையும் கையெழுத்துகளின் நகல்களுக்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் ஜான் மில்லர் லங்காஸ்டரில் எழுதிவைத்த உயிலிலோ நிலப் பத்திரத்திலோ அவருடைய கையெழுத்து கிடைத்தால், அதை இந்நகல்களோடு ஒப்பிடலாம். எழுதத் தெரியாதவர் குறி மட்டும் இட்டிருப்பார். அருகிலுள்ள பெயர், எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியது.

ஆகவே தேடலைக் கப்பலிலிருந்து தொடங்காமல், சம்பந்தியம்மாளிடமிருந்து தொடங்குங்கள். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்தது என்பதே. லங்காஸ்டரில் 1710 முதல் குடியேறிய மெனோனைட் சபையினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. எனவே அவர்களிடம் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுவதில் பயனில்லை, நிலப் பத்திரங்களையும் உயில்களையுமே நம்ப வேண்டும். லுத்தரன் அல்லது சீர்திருத்த சபையாக இருந்தால் வழி எளிது. மொராவிய சபையாக இருந்தால் உங்களுக்குப் பேரதிர்ஷ்டம்: அச்சபையினர் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைப்பது மரபு, பிறந்த ஊர் பெரும்பாலும் அதன் முதல் வரிகளிலேயே இருக்கும். லங்காஸ்டர் மாவட்டத்து லிட்டிட்ஸ் அவர்களுடைய ஊர்தான்.

லுத்தரன் பதிவேடுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1742இல் பென்சில்வேனியாவுக்கு வந்து அங்குள்ள லுத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்திய மூலன்பெர்க் பாதிரியாரை அனுப்பியது, ஜெர்மனியின் ஹாலே நகரத்து பிராங்கே நிறுவனம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பயின்றதும் அதே ஹாலேயில்தான். அங்குள்ள ஆவணக் காப்பகம் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகளையும் பென்சில்வேனியாக் கடிதங்களையும் ஒரே கூரையின் கீழ் பாதுகாத்து வருகிறது.

ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். ஞானப் பெற்றோராக நின்றவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் உறவினர் அல்லது பழைய ஊர்க்காரர். ஒரே கிராமத்தார் ஒரே கப்பலில் ஏறி, பக்கத்துப் பக்கத்து நிலங்களில் குடியமர்வது அக்காலத்தில் சாதாரணம். மில்லரின் ஊர் தெரியாவிட்டாலும், அவர் பிள்ளைக்கு ஞானத் தந்தையாக நின்றவருக்கு அரிதான குடும்பப் பெயர் இருந்து அவருடைய ஊர் தெரிந்தால், அந்த ஊர்ப் பதிவேட்டில் உங்கள் முல்லரையும் தேடிப் பார்க்கலாம். என் அனுபவத்தில், பிடிபடாத பெயர்களை இந்தச் சுற்றுவழியே பிடித்துக் கொடுத்திருக்கிறது.

மாவட்ட எல்லைகளையும் கவனியுங்கள். லங்காஸ்டர் 1729இல் உருவானது. 1752இல் அதன் ஒரு பகுதி பெர்க்ஸ் மாவட்டத்துக்குப் போனது. குடும்பம் இருந்த இடத்தைவிட்டு நகராமலே அதன் ஆவணங்கள் வேறோர் அலுவலகத்துக்கு மாறியிருக்கலாம்.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகு ஜெர்மானியத் தேவாலயப் பதிவேடுகளைத் திறக்கலாம். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பல ஆர்க்கியான் என்ற இணையதளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. 1689இல் பிரெஞ்சுப் படை பாலட்டினேட் பகுதியைத் தீக்கிரையாக்கியதில், பல ஊர்களில் அதற்கு முந்தைய ஏடுகள் அழிந்தன. பொருத்தமான யோஹானஸ் ஒருவர் கிடைத்ததும் மகிழ்ந்துவிடாமல், அவ்வூர் அடக்கப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் இறுதிவரை படியுங்கள். அவர் ஐந்து வயதில் இறந்திருந்தாலோ, 1760இல் அங்கேயே மணம் புரிந்திருந்தாலோ, அவர் உங்களவர் அல்லர். சில ஆயர்கள் பெயரின் ஓரத்தில் ‘பென்சில்வேனியா சென்றார்’ என்று குறித்துவைத்திருப்பார்கள். அப்படி ஒரு வரி உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: ஒரே வீட்டில் சகோதரர்கள் மூவருக்கும் யோஹான் என்று பெயர் இருக்கிறதே, இது பதிவுப் பிழையா?
— வாசகர், மதுரை

பதில்: பிழையன்று. யோஹான் ஞானஸ்நானத்தின்போது முன்னால் சேர்க்கப்பட்ட பெயர். யோஹான் பீட்டர், யோஹான் கியோர்க் என்றால் அழைத்த பெயர்கள் பீட்டரும் கியோர்க்கும்தான். யோஹானஸ் என்று மட்டும் இருந்தால்தான் அவர் ஜான். பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ என்ற விகுதி சேரும்; முல்லரின் என்பது முல்லர் வீட்டுப் பெண்ணைக் குறிப்பதேயன்றி வேறு குலப்பெயர் அன்று.

கேள்வி: ஒரே குழந்தை பிப்ரவரியில் பிறந்ததாக ஓர் ஆவணம் 1739 என்றும் மற்றொன்று 1740 என்றும் சொல்கிறது. எது சரி?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே நாம் 1740 பிப்ரவரி என்பதை ஆங்கிலேய எழுத்தர் 1739 என்று எழுதியிருப்பார். நாள்களிலும் பதினொரு நாள் வேறுபாடு உண்டு. ஆங்கிலேயர் அப்போது பழைய நாள்காட்டியையே பின்பற்றினர்; ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் நாடுகளோ 1700இலேயே புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டன. உங்கள் குறிப்பேட்டில் தேதியைத் திருத்தாமல், எந்த ஆவணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ‘1739/40’ என்பதுபோல் இரண்டையும் எழுதிவையுங்கள்.