கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பிசியோதெரபி: எதை, எப்போது, எப்படிச் செய்வது?

கேள்வி இது: "ஏழாம் மாதம் நடக்கிறது. படுக்கையில் திரும்பினால் இடுப்பு சுளுக்கென்று பிடிக்கிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. பிசியோதெரபி உதவுமா, இல்லை பிரசவம் ஆனதும் தானாகச் சரியாகிவிடுமா? கீகல் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாமா?"

உதவும். இடுப்பு வலியையும் கசிவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்குப் பிரசவமான சில வாரங்களில் அடங்கிவிடும். கசிவை அப்படி நம்பி விட முடியாது. பிரசவமாகி மூன்று மாதம் கழிந்தும் கசிகிறது என்றால், தானாக நிற்கும் என்று உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே பல பெண்கள் நாற்பது வயது வரை பேடு வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அது பரவலாக இருப்பது உண்மை. பரவலாக இருப்பதாலேயே வைத்தியம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

முதலில் கீகல். முன்பக்க அடிவயிற்றின் கீழே கையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இடுப்புக் கூட்டின் அடியை மூடியபடி ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் அடித்தளம் அதுதான். அதை இறுக்கி விடும் பயிற்சிதான் கீகல். கர்ப்பத்தில் இந்தப் பயிற்சியைத் தொடங்கத் தாராளமாக அனுமதி உண்டு. கசிவு இல்லாதவர்கள் முன்கூட்டியே ஆரம்பித்தால் பிற்பாடு கசிவு வரும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் 'இறுக்கிப் பிடியுங்கள்' என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டால், கணிசமான பெண்கள் தப்பான தசையை இறுக்குகிறார்கள். சிலர் இறுக்குவதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். இது பலவீனமான தசையை மேலும் கீழே தள்ளும்.

சரியாகச் செய்யும் விதம்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, இடையில் ஒரு தலையணை வையுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது, காற்று பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, உள்ளே மேலே இழுங்கள். பிட்டம், தொடை, மேல்வயிறு மூன்றும் தளர்ந்தே இருக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி, உள்ளாடைக்கு மேலாக யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரல்களை வைப்பதுதான். சரியாக இழுத்தால் அந்த இடம் விரலை விட்டு மேலே விலகும். விரலை வெளியே தள்ளினால் நீங்கள் முக்குகிறீர்கள், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எத்தனை? முதலில் நாலைந்து விநாடி பிடிக்க முடிந்தாலே போதும். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் தளர விடுங்கள். சில வாரங்களில் 8 முதல் 10 விநாடி வரை ஏற்றலாம். ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையின் முடிவிலும் சட்டென்று இழுத்து சட்டென்று விடும் வேகமான சுருக்கம் பத்து. குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்தால்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். இரண்டு வாரம் செய்துவிட்டு "எனக்குப் பலன் தரவில்லை" என்று விடுபவர்கள்தான் அதிகம். தசை வலுப்பெற அதற்கான காலம் பிடிக்கும்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது பயிற்சியாகாது. எந்தத் தசை என்று அடையாளம் தெரிய ஓரிரு முறை செய்து பார்க்கலாம், அவ்வளவுதான். தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

இன்னொரு சின்ன உத்தியும் உண்டு. தும்மலோ இருமலோ வருகிறது என்று தெரிந்ததும், அதற்கு அரை விநாடி முன்னால் இழுத்துப் பிடித்து, தும்மி முடித்த பின் விடுங்கள். கனமான பையைத் தூக்கும்போதும் இதே முறை. தசை இன்னும் வலுப்பெறாத நிலையிலும் கசிவு குறையும், ஏனென்றால் இதில் வேலை செய்வது நேரம் பார்த்துப் பிடிப்பதுதான்.

எல்லோருக்கும் கீகல் பொருந்தாது. உடலுறவில் வலி, சிறுநீர் கழிக்க ஆரம்பிப்பதில் தாமதம், மலம் முழுதாகப் போகாத உணர்வு, வால் எலும்பு வலி ஆகியவை இருந்தால், தசை பலவீனமாக இருப்பதற்குப் பதில் எப்போதும் இறுகியே இருக்கலாம். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலியும் கூடும், சில நேரம் கசிவும் கூடும். இவர்களுக்கு முதல் வேலை தளரப் பழகுவது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா விரிந்து, வயிறு மெல்ல எழும்பி, அடித்தளமும் இலேசாகக் கீழிறங்குவதைக் கவனியுங்கள். அந்த இறக்கம் பிடிபட்ட பிறகுதான் வலுவூட்டும் பயிற்சி.

இனி இடுப்பு வலி. வலி எங்கே என்று ஒரு விரலால் காட்டச் சொன்னால், பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றைக் காட்டுவார்கள்: பின்னால் இடுப்பின் இரு பக்கக் குழிகளில் ஒன்று, அல்லது முன்பக்க எலும்பின் நடு இணைப்பு. மல்லாந்து படுத்து ஒரு காலை நேராக ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள். கால் ஈயமாகக் கனக்கிறதா? அப்போது வேறொருவர் இடுப்பின் இரு பக்கத்தையும் கைகளால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, அதே காலை மறுபடி தூக்குங்கள். சட்டென்று இலேசாகிவிட்டால் இடுப்பு பெல்ட் உங்களுக்குப் பயன்படும் என்று எடுத்துக்கொள்ளலாம். பெல்ட்டை வயிற்றுக்கு மேல் கட்டக் கூடாது. தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் மட்டத்தில், வயிற்றுக்குக் கீழே, சுற்றிவர வேண்டும். நிற்கும்போதும் நடக்கும்போதும் போட்டுக்கொண்டு, படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

"இடுப்பு விலகிவிட்டது" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் தசைநார்கள் கொஞ்சம் தளர்வது உண்மை. அதற்காக மூட்டு கழன்றுவிடுவதில்லை. வலிக்கான காரணம் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பாரம் விழுவதும், தசைகள் அதைச் சரியாகப் பங்கிட்டுக்கொள்ளாததும்தான். எனவே பாரம் ஒற்றைக் காலில் விழும் சந்தர்ப்பங்களைக் குறையுங்கள். உடையை உட்கார்ந்து போடுங்கள். படியை ஒவ்வொன்றாக ஏறுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். படுக்கையில் திரும்பும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்து, மூச்சை விட்டபடி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். காரிலிருந்து இறங்கும்போதும் முழங்கால்களைச் சேர்த்தே திருப்புங்கள். இரவில் முழங்கால்களுக்கிடையே மட்டும் தலையணை வைத்தால் போதாது, கணுக்கால்களுக்கிடையிலும் வேண்டும். கால் கீழே தொங்கினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும்.

பயிற்சி என்றால், உட்கார்ந்தபடி முழங்கால்களுக்கு நடுவே தலையணையை மெதுவாக 5 விநாடி நசுக்கி விடுவது, கை கால் நான்கையும் தரையில் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துவது, சுவரில் சாய்ந்து கால்வாசி மட்டும் உட்கார்ந்து எழுவது ஆகியவை போதும். ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து முறை. ஒருக்களித்துப் படுத்து முழங்காலைத் திறக்கும் பயிற்சி இணையத்தில் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் முன் இணைப்பில் வலி உள்ளவர்களுக்கு அது வலியைக் கிளறிவிடும். முழு ஓய்வு எடுத்துப் படுத்தே கிடப்பதும் ஆகாது. மூட்டு விறைத்துப்போய், எழும்போது வலி கூடுதலாக இருக்கும்.

பொதுவான உடற்பயிற்சிக்கு, சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடையோ நீச்சலோ என்பதுதான் வழக்கமான அளவு. செய்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. பாதி கர்ப்பம் தாண்டிய பிறகு நெடுநேரம் மல்லாந்து படுத்துச் செய்வதைத் தவிருங்கள். கருப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். மேலே சொன்ன கால் தூக்கும் சோதனை அரை நிமிட வேலை, அதற்குச் சிக்கல் இல்லை. தலைசுற்றினால் உடனே இடப்பக்கம் திரும்பிவிடுங்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருத்தல், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், கருப்பை வாய் பலவீனம், பனிக்குடம் உடைந்திருத்தல், இதய நோய் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மகப்பேறு மருத்துவர் சொல்லாமல் உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டாம். பயிற்சிக்கு நடுவே ரத்தமோ நீரோ கசிந்தாலும், நெஞ்சு வலித்தாலும், ஆடுசதை வீங்கி வலித்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் பிரசவம் என்றால் 35ஆவது வாரத்திலிருந்து யோனியின் கீழ்ப்பக்கத்தை எண்ணெயிட்டு நீவிவிடும் பழக்கத்தையும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். சுத்தமான கட்டைவிரலை 3, 4 செ.மீ. உள்ளே வைத்து, கீழ்நோக்கியும் இரு பக்கமுமாக, இலேசான எரிச்சல் வரும் வரை இழுத்து ஒரு நிமிடம் போல நிறுத்த வேண்டும். வாரத்துக்கு ஓரிரு முறை போதும். தையல் தேவைப்படும் கிழிசல் வரும் வாய்ப்பை இது ஓரளவு குறைக்கிறது. நஞ்சுக்கொடி கீழிறங்கி இருந்தாலோ, தொற்று இருந்தாலோ செய்யக் கூடாது.

பிரசவமான முதல் நாள் வேலை எளிமையானது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, ஆழ்ந்த மூச்சு, எழுந்து சில அடி நடப்பது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க இவை முக்கியம். அடித்தளச் சுருக்கத்தை, சிறுநீர் வடிக்கப் போட்ட குழாயை எடுத்து ஒரு முறை சாதாரணமாகச் சிறுநீர் கழித்த பிறகு, வலிக்காத அளவுக்கு இலேசாக ஆரம்பிக்கலாம். தையல் போட்டிருந்தாலும் இது பொருந்தும். வீக்கம் வடியவும் உதவும். சிசேரியன் ஆனவர்களும் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒன்பது மாதப் பாரத்தை அந்தத் தசையும்தான் சுமந்தது. இருமும்போது காயத்தின் மேல் தலையணையை அழுத்திக்கொள்ளுங்கள். எழும்போது நேராக எழும்பாமல் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே போட்டு, கையை ஊன்றி எழுங்கள். தழும்பு நன்றாக மூடி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவர் பார்த்த பிறகு, பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேல், விரல் நுனியால் தோலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி நீவலாம்.

மலம் கழிக்கும்போது பாதங்களின் கீழ் சின்ன ஸ்டூல் வைத்து, முழங்கால் இடுப்பை விட உயரமாக இருக்க, முன்னால் சாய்ந்து, வாயால் மூச்சு விடுங்கள். முக்கினால் தையலுக்கும் கேடு, அடித்தளத்துக்கும் கேடு.

வயிற்றுத் தசை விலகல், அதாவது நடுவயிற்றின் இரு பக்கத் தசைகளுக்கு இடையே இடைவெளி விழுவது, பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. கர்ப்பத்தின் கடைசியில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது விலகித்தான் இருக்கும். முதல் எட்டு வாரத்தில் பெரும்பகுதி தானாக மூடும். அதன் பிறகு பாருங்கள்: மல்லாந்து, முழங்கால் மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்து, தலையை மட்டும் சற்றுத் தூக்குங்கள். இரு ஓரங்களுக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று தொப்புளிலும், அதற்கு மேலும் கீழும் இரண்டு அங்குலத்தில் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இருந்தால் விலகல் என்பார்கள். அகலத்தைவிட, விரலுக்கு அடியில் இறுக்கம் தெரிகிறதா, மெத்தென்று உள்ளே போகிறதா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்தப் பயிற்சியிலும் நடுவயிறு கூம்பாகப் புடைத்தால் அது இப்போதைக்கு அதிகம். எளிதாக்குங்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் முதல் சில வாரங்கள் இதமாக இருக்கும், விலகலை அதுவாக மூடாது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கும்.

ஓட்டம், குதித்தல் போன்றவற்றுக்குக் குறைந்தது 12 வாரம் காத்திருங்கள். அதற்குப் பிறகும், அரை மணி நேரம் வேகமாக நடந்தாலும், ஒரே இடத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடினாலும், ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தாலும் கசிவோ, கீழே ஏதோ இறங்குவது போன்ற கனமோ வராமல் இருந்தால்தான் தொடங்கலாம். அந்தக் கனம் வந்தால் கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தைத்தவர்களும், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தவர்களும், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலிப்பதும் இந்த வரிசையில் வரும். கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்குவதே காரணம். இரு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் சில வாரம் போட்டால் பெரும்பாலும் தணியும்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்ற தயக்கமே பலரைத் தடுக்கிறது. பாதி நேரம் கேள்விகள்தான்: எத்தனை முறை சிறுநீர், எப்போது கசிவு, எப்படிப் பிரசவம், தையல் எந்த அளவு. உள்பரிசோதனை செய்தால் கையுறை போட்ட ஒரு விரலால், நீங்கள் சம்மதித்தால் மட்டும். கர்ப்பத்திலும், பிரசவமான முதல் ஆறு வாரங்களிலும் பெரும்பாலும் அதைத் தவிர்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து, இழுக்கும்போது சிறுநீர்ப்பையின் அடி மேலே எழும்புகிறதா என்று திரையிலேயே காட்டலாம். அதற்குப் பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும் என்பதால், போகும் முன் சிறுநீர் கழித்துவிடாதீர்கள்.